ஜொய்ஸ்டிக் குமிழி கழன்று கழன்று வருகிறது, அவசரம்!

வெள்ளவத்தைப் பெடியன் | சனி இரவு 9.40
அண்ணாமாரே, வீடியோ கேம் விளையாடும் பெட்டி ஜொய்ஸ்டிக்கில், தண்டின் மேலுள்ள கைப்பிடிக் குமிழி விளையாடும்போது கழன்று வருகிறது. இறுக்கிப் பத்து நிமிடத்தில் மறுபடி தளர்ந்து ஆடுகிறது. நாளைப் பின்னேரம் வீட்டில் நண்பர்களோடு போட்டி. சுப்பர் குளூ போட்டு ஒட்டி விடலாமா?

கொட்டாஞ்சேனை ரவுண்ட் 2 | 9.52
ஒட்ட வேண்டாம், பொறுங்கள். என்ன ஜொய்ஸ்டிக்? சன்வா, செய்மிட்சு போன்ற ஜப்பான் கம்பனிச் செட்டா, பெயரில்லாத செட்டா? உருண்டையா, நீட்டுப் பிடியா?

குழாய் நானா | 9.58
எதுவாக இருந்தாலும் தண்ணிக் குழாய்க்குச் சுற்றும் வெள்ளை டேப் போதும் தம்பி. தண்டின் மரையில் இரண்டு சுற்று. மரை முனை உங்களைப் பார்க்கட்டும், கடிகாரம் ஓடும் பக்கமாகச் சுற்றுங்கள். மாறிச் சுற்றினால் பூட்டும்போது டேப் சுருண்டு வெளியே வந்துவிடும். இருபது வருடமாக இதுதான் என் தொழில்.

காலிவீதி | 10.05
வெள்ளவத்தை என்றால் கடற்காற்று. மரையில் உப்புத் துரு பிடித்திருக்கும். துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள்.

கொட்டாஞ்சேனை ரவுண்ட் 2 | 10.07
எண்ணெய் விட்டால் இன்னும் லேசாகக் கழலுமே! துருவைத் துடைப்பது சரி, எண்ணெய் வேண்டாம்.

லீவர் மாஸ்டர் | 10.15
இதே கேள்விக்கு நான் எத்தனை தடவை பதில் எழுதியிருக்கிறேன். வாங்குவதற்கு முன்பு கொஞ்சம் வாசித்திருக்கலாம். பிழை குமிழியில் இல்லை, உங்கள் கையில். முழுக் கையாலும் பொத்தித் திருகிப் பிடிக்கிறீர்கள். தண்டை இரண்டு விரல்களுக்கு நடுவே விட்டு, குமிழியை உள்ளங்கையில் ஏந்திப் பழகுங்கள்.

வெள்ளவத்தைப் பெடியன் | 10.21
உருண்டைக் குமிழி. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் வாங்கிய செட், பெயர் இல்லை. கையால்தான் இறுக்கினேன்.

திருப்புளி | 10.34
கையால் என்றீர்களே, காரணம் அதுதான். குமிழியைத் திருப்பும்போது தண்டும் கூடவே சுற்றுகிறது. இறுகியது போலத் தெரியும், மரை இறுகியிருக்காது. பெட்டியைக் கவிழ்த்து அடித்தட்டைக் கழற்றுங்கள். சன்வாவின் ஜேஎல்எஃப் மாதிரி போன்றவற்றில் தண்டின் அடிமுனையில் நேர்கோடாக ஒரு வெட்டு இருக்கும். அந்த மாதிரியைப் பார்த்துச் செய்த செட்டுகளிலும் பெரும்பாலும் உண்டு. தட்டைத் திருப்புளியை அதில் வைத்து அசையாமல் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் குமிழியை, குமிழிப் பக்கமிருந்து பார்க்க வலப்பக்கம் திருப்புங்கள். பக்கத்திலுள்ள சின்ன வளையக் கிளிப்பைத் தொட வேண்டாம். அது தெறித்தால் தேடியெடுப்பது பெரும்பாடு.

அப்படியும் இறுகாமல் சுற்றிக்கொண்டே இருந்தால், குமிழிக்குள் இருக்கும் உலோக மரை பிளாஸ்டிக்கிலிருந்து விட்டுப் போயிருக்கிறது. அதற்கு வைத்தியம் இல்லை, புதுக் குமிழிதான். 35 மில்லிமீட்டர் உருண்டை, எம்6 (6 மில்லிமீட்டர்) மரை என்று கேளுங்கள்.

காலிவீதி | 10.41
லொக்டைட் 243, மரை கழலாமல் பிடிக்கும் அந்த நீலப் பசை, ஒரு சொட்டு விட்டால் என்ன?

திருப்புளி | 10.49
உலோகத்துக்கு நல்லது. ஆனால் வழிந்து குமிழியின் பிளாஸ்டிக்கில் பட்டால் சில வகை பிளாஸ்டிக்கில் கீறல் விழுந்துவிடும். சிவப்பு லொக்டைட் வேண்டவே வேண்டாம், சூடு காட்டாமல் கழற்ற முடியாது. சரியாக இறுக்கிய பிறகும் ஆடினால் நானா சொன்ன டேப் போதும்.

லீவர் மாஸ்டர் | 10.55
உருண்டையை விட்டு அமெரிக்க ஹெப் கம்பனியின் நீட்டுப் பிடி வகைக்கு மாறுங்கள். பிடியும் தண்டும் ஒன்றாக வருவதால் இந்தத் தலையிடியே இல்லை.

கொட்டாஞ்சேனை ரவுண்ட் 2 | 11.02
மாஸ்டர், அது பாரமான லீவர். அதை அரைவட்டமாகத் திருப்பித் திருப்பி என் மணிக்கட்டு வீங்கிப் போனது. உருண்டைக்கு விரல் நுனியே போதும்.

லீவர் மாஸ்டர் | 11.06
பாரமாக இருந்தால்தான் கை தப்பாது. பழகாதவர்கள் சொல்லும் கதை இது.

கொட்டாஞ்சேனை ரவுண்ட் 2 | 11.09
பதினைந்து வருடமாக விளையாடுகிறேன் ஐயா.

குழாய் நானா | 11.15
சண்டை வேண்டாம். தம்பி, அடித்தட்டைக் கழற்றினீர்களா?

வெள்ளவத்தைப் பெடியன் | ஞாயிறு இரவு 8.30
வெட்டு இருந்தது. திருப்புளி அண்ணா சொன்னபடி பிடித்து இறுக்கினேன், ஒன்றரைச் சுற்று உள்ளே போனது. டேப் போடவில்லை. நான்கு மணித்தியாலம் விளையாடினோம், அசையவில்லை. எல்லோருக்கும் நன்றி.