கேமை சீரிஸாக எடுக்கும்போது கடைசி வார்த்தை யாருடையதாக இருக்க வேண்டும்?

நிலவன்_87

யுபிசாஃப்டின் அசாசின்ஸ் க்ரீட் கேமை வைத்து சீரிஸ் வரப்போகிறது என்று நெட்ஃபிளிக்ஸ் 2020 அக்டோபரில் சொன்னது. அதன் பிறகு ஏறக்குறைய ஐந்து வருஷம் பேச்சே இல்லை, 2025 ஜூலையில்தான் எடுப்பது உறுதி என்று மறுபடி அறிவித்தார்கள். ஷோரன்னர்கள், அதாவது சீரிஸின் எழுத்தையும் தயாரிப்பையும் நடத்துபவர்கள், இரண்டு பேர். அதில் ஒருவர் டேவிட் வீனர், ஹாலோ கேமை வைத்து எடுத்த சீரிஸின் இரண்டாம் சீசனை நடத்தியவர். அந்தப் பெயரைப் படித்ததிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை.

ஹாலோவை நான் நண்பன் வீட்டில் ஆரம்பித்தவன், ஸ்கூல் விட்டதும் நேரே அவன் வீடுதான். இருபது வருஷம் அத்தனை கேம்களிலும் ஹீரோ மாஸ்டர் சீஃபின் முகத்தை முழுசாகக் காட்டியதே இல்லை, அந்த ஹெல்மெட்டுக்குள் இருப்பது நாம்தான் என்று நினைத்தே வளர்ந்தோம். 2022 மார்ச்சில் சீரிஸ் வந்தது, முதல் எபிசோடிலேயே ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டார்கள். முதல் சீசனின் ஷோரன்னர் ஸ்டீவன் கேன், எழுதும்போது கேமைப் பார்க்கவே இல்லை என்று பேட்டியில் வெளிப்படையாகச் சொன்னார். இரண்டு சீசன், 2024 ஜூலையில் மூடிவிட்டார்கள்.

என் கேள்வி இதுதான். கேமின் உரிமை வைத்திருக்கும் பப்ளிஷர் ஏன் ஒப்பந்தத்திலேயே பிடியை இறுக்கிக்கொள்வதில்லை? கதை, நடிகர், உடை எல்லாவற்றுக்கும் எங்கள் ஒப்புதல் வேண்டும், இல்லையென்றால் கொடுக்க மாட்டோம் என்று சொன்னால் என்ன? நான் நினைப்பது தப்பா? இந்த ஒப்பந்தங்கள் எப்படிப் போடுகிறார்கள் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கோட்டைச்சாமி

நிலவன், உங்கள் கோபம் எனக்கும் உண்டு, ஆனால் ஹாலோ விஷயத்தில் நடந்தது நீங்கள் நினைப்பதற்கு நேர் எதிர். ஹாலோவின் உரிமையாளரான மைக்ரோசாஃப்ட் யாரிடமோ தூக்கிக் கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்கவில்லை. கேமை உருவாக்கிக்கொண்டிருந்த 343 இண்டஸ்ட்ரீஸே உள்ளே இருந்தது, அங்கிருந்து கிகி வுல்ஃப்கில் நிர்வாகத் தயாரிப்பாளர். கேமின் கதைக்கும் சீரிஸின் கதைக்கும் முடிச்சுப் போடாமல் 'சில்வர் டைம்லைன்' என்று தனிப் பாதை போட்டதும் அவர்கள்தான். ஹெல்மெட் கழன்றது உரிமையாளரின் சம்மதத்தோடு.

பிடியை இறுக்கிப் பார்த்த கதையும் இதே ஹாலோவில் இருக்கிறது. 2005-ல் மைக்ரோசாஃப்ட் அலெக்ஸ் கார்லாண்டை வைத்துத் திரைக்கதை எழுதி வாங்கியது. மாஸ்டர் சீஃப் கவசம் போட்ட ஆட்களிடம் அதைக் கொடுத்து ஹாலிவுட் ஸ்டுடியோக்களுக்கு அனுப்பியது. பெரிய தொகை, வசூலில் பங்கு, இயக்குநரையும் நடிகர்களையும் ஏற்கும் உரிமை என்று நிபந்தனைகள் வேறு. கடைசியில் யுனிவர்சலும் ஃபாக்ஸும் சேர்ந்து எடுக்க வந்தன, பீட்டர் ஜாக்சன் தயாரிப்பு, நீல் ப்ளோம்காம்ப் இயக்கம். பணத்தகராறில் 2006-ல் எல்லாம் கலைந்தது. ஜாக்சனும் ப்ளோம்காம்பும் அதற்குப் பதிலாகச் செய்த படம்தான் 2009-ல் வந்த டிஸ்ட்ரிக்ட் 9. எனக்கு அந்தப் படம் உயிர், ஆனாலும் ஒவ்வொரு தடவை பார்க்கும்போதும் அந்த ஆட்கள் எடுத்திருக்க வேண்டிய ஹாலோ கண்ணுக்கு முன்னால் வந்து போகும்.

நீங்கள் கவலைப்படும் அசாசின்ஸ் க்ரீடுக்கே வாருங்கள். யுபிசாஃப்ட் 2011-ல் படம் எடுப்பதற்கென்றே தனிப் பிரிவு தொடங்கியது, ஸ்டுடியோக்களிடம் பிடி விடாமல் பேசியது, 2016-ல் மைக்கேல் ஃபாஸ்பெண்டரை வைத்துப் படமும் வந்தது. நாம் எதற்காக அந்த கேமை விளையாடினோம்? பழைய நகரம், கூரை மேல் ஓட்டம், 15-ஆம் நூற்றாண்டு. படத்தில் பாதிக்கு மேல் நிகழ்கால ஆராய்ச்சிக்கூடத்துக்குள்ளேயே போய்விட்டது. கட்டுப்பாடு முழுக்கக் கையில் இருந்தும் தன் கேமில் எது சுவை என்று உரிமையாளருக்கே தெரியவில்லை. தொடர்ச்சியும் வரவில்லை.

அதற்கும் முன்னால் 2001-ல் ஸ்கொயர் நிறுவனம் ஃபைனல் ஃபேன்டசி படத்தைத் தானே ஸ்டுடியோ கட்டித் தானே எடுத்தது. இயக்கியது அந்த கேமை உருவாக்கிய சகாகுச்சி. இதைவிடப் பெரிய கட்டுப்பாடு உலகத்தில் கிடையாது. செலவு சுமார் 13.7 கோடி டாலர், உலக வசூல் சுமார் 8.5 கோடி. ஹவாயில் இருந்த ஸ்டுடியோவை இழுத்து மூடினார்கள். அவ்வளவு சிரமப்பட்டு வரைந்த தலைமுடி மட்டும் இன்றைக்கும் அழகாக இருக்கிறது.

அல்லி

கோட்டைச்சாமி அண்ணா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். நான் சில வருஷம் வெளிநாட்டு கேம்களுக்கு ஆர்ட் செய்துகொடுக்கும் ஒரு ஸ்டுடியோவில் வேலை பார்த்தேன், பெயர் வேண்டாம். பப்ளிஷரின் ஒப்புதல் என்று வெளியே பேசுகிறோமே, உள்ளே இருந்து பார்த்தால் அது ஒரு ஃபீட்பேக் ஷீட். ஒரு விளம்பர அனிமேஷனில் தோள் கவசத்தின் சிவப்பு சரியில்லை என்று மூன்று தடவை திரும்பி வந்தது, சின்னம் இடது பக்கம் இரண்டு பிக்சல் தள்ளியிருக்கிறது என்று ஒரு தடவை. அந்த அனிமேஷனில் வரும் ஆள் எதற்காக அந்த வாசலில் நிற்கிறான், உள்ளே போக ஏன் தயங்குகிறான் என்று கடைசிவரை ஒருவரும் கேட்கவில்லை. ஒப்புதல் கொடுப்பவருக்கு ஸ்டைல் கைடு கையில் இருக்கிறது, அதில் நிறம் இருக்கும், கவசம் இருக்கும், தயக்கம் இருக்காது. அதனால்தான் ஹாலோ சீரிஸில் கவசம் அச்சு அசலாக இருந்தது. பிசகியது கவசத்துக்குள் இருந்த ஆள்.

பப்ளிஷர் விட்டுக்கொடுத்ததால் நன்றாக வந்த கதையும் உண்டு. சைபர்பங்க் 2077 கேமை வைத்து வந்த அனிமே சீரிஸ் சைபர்பங்க் எட்ஜ்ரன்னர்ஸ், 2022 செப்டம்பர். கதையின் கரு கேமை உருவாக்கிய போலந்தின் சிடி ப்ராஜெக்ட் ரெட் எழுதியது, அனிமேஷன் ஜப்பானின் ட்ரிக்கர். ரெபெக்கா என்று ஒரு பெண் வருவாளே, குட்டி உருவம், கையில் தன்னைவிடப் பெரிய துப்பாக்கி. அந்த வடிவம் இந்த உலகத்துக்குப் பொருந்தாது, எடுத்துவிடுங்கள் என்று போலந்துக்காரர்கள் கேட்டிருக்கிறார்கள். ட்ரிக்கர் முடியாது என்று நின்றது. அவர்களும் சரி என்று இறங்கி வந்தார்கள். இன்றைக்கு அந்த சீரிஸில் அதிகம் பேர் கொண்டாடுவது அவளைத்தான், கடைசி எபிசோடில் அவளுக்கு நடந்ததைப் பார்த்துவிட்டு நான் அன்றைக்குச் சாப்பிடவில்லை. 2020 டிசம்பரில் கோளாறோடு வெளியாகிப் பெயர் கெட்டுப்போயிருந்த கேமுக்கு இந்த சீரிஸ் வந்த பிறகுதான் கூட்டம் திரும்ப வந்தது.

நிலவன்_87

அல்லி, ரெபெக்கா விஷயம் எனக்குத் தெரியாது, நன்றி. கோட்டைச்சாமி அண்ணா, 343-யை நான் மறந்தே போனேன், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மரியோவைப் பாருங்கள். 1993-ல் நின்டெண்டோ உரிமையைக் கொடுத்துவிட்டு ஒதுங்கியது, படம் மரியோ மாதிரியே இல்லை, அப்புறம் முப்பது வருஷம் ஹாலிவுட்டில் மரியோ படமே கிடையாது. 2023-ல் மியாமோட்டோவே தயாரிப்பாளராக உட்கார்ந்தார், 130 கோடி டாலருக்கு மேல் வசூல். இது என் பக்கத்துக்கான சாட்சி இல்லையா?

வடகரை வாசி

சாட்சிதான், ஆனால் அங்கே உட்கார்ந்தது மியாமோட்டோ, மரியோவை உருவாக்கியவர். நின்டெண்டோவின் சட்டப் பிரிவு உட்கார்ந்திருந்தால் இதே பலன் வந்திருக்குமா என்று யோசியுங்கள். தன் இன்னொரு கேமான செல்டாவின் படத்துக்கு நின்டெண்டோ இன்னும் ஒரு படி மேலே போய், பாதிக்கு மேற்பட்ட செலவைத் தானே போடுகிறது. பணம் போடுகிறவர் சொல்வதற்கும் லைசென்ஸ் கொடுத்துவிட்டு வாசலில் நின்று சொல்வதற்கும் ஏகப்பட்ட வித்தியாசம்.

நான் எழுத வந்தது ஃபால்அவுட் பற்றி, அணுகுண்டுப் போரில் அழிந்த உலகத்தில் நடக்கும் கேம். 2024 ஏப்ரலில் அமேசானில் வந்தது, எட்டு எபிசோடையும் ஒரே மூச்சில் பார்த்தேன். கேமின் உரிமை வைத்திருக்கும் பெதெஸ்டாவின் டாட் ஹோவர்டு பல வருஷம் கேட்டவர்கள் எல்லோரையும் திருப்பி அனுப்பினார். இயக்குநர் ஜோனதன் நோலன் வந்த பிறகுதான் சம்மதித்தார். நோலன் ஃபால்அவுட் 3-ல் பல நாள் விழுந்து கிடந்தவர். இவர்கள் செய்த புத்திசாலித்தனம், எந்த கேமின் கதையையும் தொடவில்லை. 2296-ஆம் ஆண்டு, எல்லா கேம்களுக்கும் பிறகு, புது ஆட்கள். கேமில் நாம் எடுத்த முடிவு எதையும் சீரிஸ் வந்து பொய்யாக்க வேண்டிய அவசியம் இல்லை. ஹோவர்டு எங்கே குறுக்கே வந்தார் தெரியுமா? சில யோசனைகளுக்கு, அதை ஃபால்அவுட் 5-ல் செய்யப்போகிறோம், விட்டுவிடுங்கள் என்றிருக்கிறார். அவரே சொன்னது. மற்றபடி எழுதுகிறவர்களை எழுத விட்டார்.

அப்படியும் சண்டை வந்தது. சீரிஸில் ஒரு கரும்பலகையில் ஷேடி சாண்ட்ஸ் என்ற ஊரின் வீழ்ச்சி 2277 என்று எழுதியிருந்தது, அதற்குப் பக்கத்தில் குண்டு வெடித்த படம். ஃபால்அவுட் வரிசையில் வந்த நியூ வேகஸ் கேம் நடப்பது 2281-ல், அதில் அந்த ஊரின் குடியரசு திடமாக நிற்கிறது. நியூ வேகஸ் வேறொரு ஸ்டுடியோ, அப்சிடியன், 2010-ல் செய்தது, அதனால் பெதெஸ்டா வேண்டுமென்றே அழிக்கிறது என்று பலர் கொதித்தார்கள், நானும் இரண்டு நாள் தூங்கவில்லை. கடைசியில் குண்டு விழுந்தது நியூ வேகஸ் கதை முடிந்த உடனே என்று ஹோவர்டே விளக்கம் கொடுக்க வேண்டி வந்தது. அவர் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முன்வந்தாரே, எனக்கு அது பெரிய விஷயம்.

அப்புறம், டேவிட் வீனரைப் பற்றி ஒரு வார்த்தை. ஹாலோ முதல் சீசன் அவர் கையில் இல்லை. இரண்டாம் சீசனில் ரீச் கிரகம் விழும் எபிசோடைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள், பாதியில் விட்டவர்கள் பலர் அதற்கு வரவே இல்லை.

யாழினி_ஆர்

எல்லோரும் பப்ளிஷர், பப்ளிஷர் என்கிறீர்கள், கேமை உருவாக்கிய ஆட்களைப் பற்றி வடகரை வாசி மட்டும்தான் பேசினார். அதைக் கொஞ்சம் நீட்டுகிறேன். ஃபால்அவுட்டின் முதல் கேம் 1997-ல் இன்டர்ப்ளேயில் டிம் கெய்ன் தலைமையில் உருவானது. இன்டர்ப்ளே கடனில் தவித்தபோது 2007-ல் மொத்த உரிமையையும் 57.5 லட்சம் டாலருக்கு பெதெஸ்டா வாங்கிவிட்டது. அந்த நீல உடையும் வால்ட் எனும் பதுங்குகுழியின் கதவும் முதலில் யார் மனசில் தோன்றியதோ, அவர்களுக்கு இன்றைக்கு அதில் ஒரு கையெழுத்து போடும் உரிமைகூட இல்லை.

தி லாஸ்ட் ஆஃப் அஸ் இன்னும் வலிக்கும். 2013 கேமை இயக்கியவர்கள் இரண்டு பேர், நீல் ட்ரக்மேன், ப்ரூஸ் ஸ்ட்ரேலி. 2023-ல் எச்பிஓ சீரிஸ் வந்தபோது ஸ்ட்ரேலியின் பெயர் அதில் இல்லை. கேம் தொழிலாளர்களுக்குச் சங்கம் வேண்டும் என்பதற்கு இதுவே காரணம் என்று அவர் பத்திரிகையில் பேசினார். சினிமாவில் எழுத்தாளர் சங்கம் பெயர் போடுவதற்கு விதி வைத்திருக்கிறது. கேம் எழுதியவருக்கு அந்த விதி எட்டவில்லை. சம்பளத்துக்கு எழுதியது, உரிமை நிறுவனத்துக்கு, அவ்வளவுதான்.

ஆனாலும் ட்ரக்மேன் உள்ளே இருந்தது அந்த முதல் சீசனுக்குச் செய்த நன்மையை நான் மறுக்க மாட்டேன். மூன்றாம் எபிசோட் ஞாபகம் இருக்கிறதா, பில்லும் ஃப்ராங்கும். கேமில் பில் கசந்துபோய்த் தனியாக இருப்பான், ஃப்ராங்க் அவனை வெறுத்துவிட்டுச் செத்திருப்பான். சீரிஸை எழுதிய கிரெய்க் மேசின் அதைப் பதினாறு வருஷக் காதலாக மாற்றிவிட்டார். உருவாக்கியவர் பக்கத்திலேயே உட்கார்ந்து சரி, மாற்று என்று சொன்னதால்தான் அந்தத் துணிச்சல் வந்தது என்று நினைக்கிறேன். வெளியிலிருந்து ஒப்புதல் கொடுக்கும் ஒரு அதிகாரி அதற்குச் சம்மதித்திருக்கவே மாட்டார், தன் வேலைக்கு ஆபத்தான முடிவை யார் எடுப்பார்கள்? 2025 ஜூலையில் ட்ரக்மேன் சீரிஸிலிருந்து விலகிவிட்டார். மூன்றாம் சீசன் மேசின் தனியாக. எனக்கு பயமாகத்தான் இருக்கிறது.

நிலவன், ஒப்பந்தம் எப்படி என்று கேட்டீர்கள். பெரும்பாலும் முதலில் சின்னத் தொகைக்குக் குறிப்பிட்ட காலம் உரிமையைப் பிடித்துவைப்பார்கள், அதற்குள் படப்பிடிப்பு தொடங்காவிட்டால் உரிமை திரும்பிப் போகும். எம்ஜிஎம் 2018-ல் டூம் ரெய்டர் எடுத்தது, அடுத்த பாகம் இழுத்துக்கொண்டே போய் 2022-ல் உரிமை கைவிட்டுப் போனது. பப்ளிஷரின் உண்மையான பிடி இந்தக் கெடுவில்தான் இருக்கிறது. கெடு முடியும்போது உரிமையைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் தைரியம் இருக்கிறவரை மற்றவர்கள் அவர் பேச்சைக் கேட்பார்கள்.

கோட்டைச்சாமி

யாழினி சொன்னதோடு, லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் கேமை வைத்து ரயட் கேம்ஸ் எடுத்த ஆர்கேன் சீரிஸையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதை உருவாக்கிய கிறிஸ்டியன் லின்கேயும் அலெக்ஸ் யீயும் ரயட் ஊழியர்கள், டிவியில் அனுபவம் கிடையாது. பாரீஸின் ஃபோர்டிச் ஸ்டுடியோ அவர்களுக்குப் பல வருஷமாகப் பாட்டு வீடியோ செய்துகொடுத்த இடம், ஒருவர் கை இன்னொருவருக்குத் தெரியும். செலவு முழுக்க ரயட்டுடையது, இரண்டு சீசனுக்கு விளம்பரத்தோடு 25 கோடி டாலர் என்று வெரைட்டி எழுதியது. போட்ட பணம் திரும்பவில்லை என்றும் அதே செய்தியில் வந்தது. அத்தனை பணத்தை விடத் தயாராக இருக்கிற பப்ளிஷர் எத்தனை பேர்?

நிலவன்_87

நான் கேட்ட கேள்வியே மாறிவிட்டது. இனிமேல் செய்தி வரும்போது யுபிசாஃப்டின் பெயர் எத்தனை பெரிசாக இருக்கிறது என்று பார்க்கப்போவதில்லை. கேம்களை எழுதியவர்களில் ஒருவராவது எழுத்தறையில் தினமும் உட்காருகிறாரா என்றுதான் பார்ப்பேன். அசாசின்ஸ் க்ரீட் இரண்டாம் பாகத்தில் ஹீரோ எட்சியோ கூட்டத்தில் நின்றுகொண்டு அப்பாவையும் அண்ணனையும் தம்பியையும் தூக்கில் போடுவதைப் பார்ப்பானே, அந்த இடத்தில் நான் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டேன். கதை எந்த நூற்றாண்டில் நடந்தாலும் சரி, அதை உணர்ந்த ஆள் ஒருவர் உள்ளே இருந்தால் போதும். குழுவில் யார் யார் என்று யாருக்காவது தெரியவந்தால் இங்கேயே போடுங்கள்.