நண்பகலில் தண்ணீர் விட்டால் புல் கருகுமா?

தெகிவளைத் தோட்டக்காரர் (மு.ப. 6.50)
மாசி வெயிலில் வீட்டுப் புற்தரையை எப்படிக் காப்பாற்றுவது என்று நேற்று ஒருவர் இங்கே கேட்டிருந்தார். அதற்கு வெள்ளவத்தை வாசகி எழுதிய மறுமொழியைப் படித்த பின்னர் எனக்கு நித்திரை வரவில்லை. நண்பகலில் தண்ணீர் விட்டால் ஒவ்வொரு துளியும் உருப்பெருக்கிக் கண்ணாடியாகி, வெயிலைக் குவித்து இலையைச் சுட்டுவிடுமாம். அப்படியானால், வெயிலும் மழையுமாக நரிக்குக் கலியாணம் நடக்கும் ஒவ்வொரு நாளும் விகாரமகாதேவிப் பூங்கா சாம்பலாகியிருக்க வேண்டும். இலையில் ஒட்டிப் படிந்திருக்கும் துளியின் குவியம் இலைக்குக் கீழேதான் விழும். அது சுடுவதற்கு முன்பே துளியும் காய்ந்துவிடும். நண்பகலில் நீர் விடக்கூடாது என்பது சரிதான், ஆனால் அதற்குக் காரணம் நீரில் ஒரு பகுதி வேருக்கு எட்டாமல் வீணாய்ப் போவதே அன்றி நெருப்பு அல்ல.

வெள்ளவத்தை வாசகி (மு.ப. 7.35)
ஐயாவின் நித்திரைக்கு நான் பொறுப்பாளி அல்ல. சென்ற பங்குனியில் பகல் ஒரு மணிக்கு என் மலேசியன் புல்லுக்குத் தண்ணீர் விட்டேன். மறுநாள் காலையில் இரண்டு விரல் அகலத்தில் பழுப்புக் கோடுகள் விழுந்திருந்தன. கண்ணால் கண்டதைச் சொன்னால் குவியம் என்று பாடம் நடத்துகிறீர்கள்.

தெகிவளைத் தோட்டக்காரர் (மு.ப. 7.48)
துளி சுட்டிருந்தால் புள்ளி விழுந்திருக்கும், கோடு எப்படி விழுந்தது? கறுப்புக் குழாயைக் காலையிலிருந்து புல்லின் மேலேயே போட்டிருப்பீர்கள். வெயிலில் கிடந்த குழாயைத் திறந்து முதலில் வரும் தண்ணீரில் கையை வைத்துப் பாருங்கள், தேநீரே போடலாம். குழாய் கிடந்த தடத்தைக் காட்டி வெயிலின் மீது பழி போடுகிறீர்கள்.

வன்னிமைந்தன் (மு.ப. 8.20)
ஆண்டுக்கு ஏறத்தாழ 2,400 மில்லிமீற்றர் மழை பெய்யும் கொழும்பில், தை, மாசியில் நாலு கிழமை வானம் பொய்த்துவிட்டால் அதற்குப் பெயர் வரட்சியா? எங்கள் பக்கம் வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை நிலம் வெடித்துக் கிடக்கும். அப்போதும் அறுகு சாகாது. மேலே பழுத்துக் காய்ந்தாலும் மண்ணுக்குள் தண்டு உயிரோடிருந்து முதல் மழைக்கே தளிர்க்கும். பிள்ளையாருக்குச் சாத்தும் புல்லை விட்டுவிட்டு, வேர் ஆழம் போகாத மலேசியன் புல்லைக் காசு கொடுத்து வாங்கி நட்டுவிட்டு அழுகிறீர்கள். அதிருக்கட்டும், வாசகி பாய்ச்சியது குழாய் நீரா, கிணற்று நீரா? கடற்கரையோரக் கிணறு உவர்ப்பாக இருந்தால் உப்பே இலையைக் கருக்கிவிடும்.

வெள்ளவத்தை வாசகி (மு.ப. 9.05)
என் முற்றத்தில் மாமர நிழல். நிழலில் அறுகு நோஞ்சானாகிவிடும் என்பது வன்னியில் தெரியாது போலும். தோட்டக்காரருக்கு ஒரு செய்தி: உரோமம் உள்ள இலைகளில் துளி உயர்ந்து நிற்பதால் வெயில் சுடக்கூடும் என்று 2010இல் ஹங்கேரி ஆய்வாளர்களே எழுதியிருக்கிறார்கள். மலேசியன் புல்லின் இலை ஓரத்தில் உரோமம் உண்டு. இப்போது என்ன சொல்கிறீர்கள்?

தெகிவளைத் தோட்டக்காரர் (மு.ப. 9.22)
அதே ஆய்வு, வழுவழுப்பான இலைகளில் துளி சுடவில்லை என்று முதலில் சொல்வதை ஏன் விழுங்கிவிட்டீர்கள்? அவர்கள் உரோமத்துக்கு எடுத்துக்கொண்டது நீரில் மிதக்கும் சல்வீனியா, நம் வாய்க்கால்களை அடைத்துக்கொண்டிருக்கிறதே, அதற்கு உறவான செடி. அதன் உரோமம் நீரை ஒட்டவிடாமல் துளியை அந்தரத்தில் தூக்கிப் பிடிக்கும். ஓரத்தில் நாலு மயிர் இருப்பதால் உங்கள் புல் சல்வீனியா ஆகிவிடாது.

நேற்றுக் கேட்டவருக்கு இதுவரை எவரும் உருப்படியாக மறுமொழி சொல்லவில்லை, ஆகவே நானே சொல்கிறேன். மழையில்லாத கிழமையில் 25 மில்லிமீற்றர் நீர், இரண்டு தடவையாக, விடியற்காலையில் கொடுங்கள். மாலையில் விட்டால் இரவு முழுவதும் இலை ஈரமாய்க் கிடந்து பூஞ்சணம் பிடிக்கும். அளவு தெரியாவிட்டால் வெறுமையான ரின்மீன் பேணி ஒன்றைப் புல்லின் நடுவே வைத்து, அதில் ஒன்றேகால் சென்ரிமீற்றர் நிறைந்ததும் நிறுத்துங்கள். தினமும் சொட்டுச் சொட்டாகத் தெளித்தால் வேர் மேலேயே நின்றுவிடும். துளி மட்டும் சுடாது, சுடாது, சுடாது.

கொட்டாஞ்சேனையான் (மு.ப. 10.10)
ஒரு பேர்ச்சஸ் ஏறக்குறைய 25 சதுர மீற்றர். நாலு பேர்ச்சஸ் புல்லுக்கு 25 மில்லிமீற்றர் என்றால் கிழமைக்கு 2,500 லீற்றர், மாதத்துக்குப் பத்தாயிரம் லீற்றர், அதாவது தண்ணீர்ப் பட்டியலில் பத்து அலகு. பட்டியலைத் தோட்டக்காரர் கட்டுவாரா? அவர் மார்கழியில் என்னிடம் இரவல் வாங்கிய புல்வெட்டி இயந்திரம் அலகு மழுங்கித் திரும்பி வந்தது என்பதையும் இவ்விடத்தில் பதிவு செய்கிறேன்.

தெகிவளைத் தோட்டக்காரர் (மு.ப. 10.14)
இயந்திரம் என்னிடம் வரும்போதே மழுங்கித்தான் இருந்தது. உங்கள் புல்லின் நுனி வெளிறிப் பழுத்திருப்பதற்கு அதுவே காரணம். மழுங்கிய அலகு வெட்டாது, கிழிக்கும். நாலைந்து சென்ரிமீற்றர் உயரம் விட்டு, ஒரு தடவையில் மூன்றிலொரு பங்குக்கு மேல் வெட்டாதீர்கள் என்று அன்றே சொன்னேன், நீங்கள் காலிமுகத்திடல் போல் மொட்டையடித்தீர்கள்.

கொட்டாஞ்சேனையான் (மு.ப. 10.31)
காலிமுகத்திடலை மொட்டையாக்கியது வெட்டு அல்ல, கால்கள். சனம் மிதித்த இடத்தில் மண் இறுகிவிடும், வேர் மூச்சுவிடாது. அதுகூடத் தெரியாதவரிடம் என் இயந்திரத்தைக் கொடுத்தேனே!

வன்னிமைந்தன் (மு.ப. 11.02)
குழாய் நீரா, கிணற்று நீரா என்று கேட்டேன்.

வெள்ளவத்தை வாசகி (மு.ப. 11.15)
எந்த நீரானாலும் கோடு கோடுதான்.

தெகிவளைத் தோட்டக்காரர் (மு.ப. 11.20)
பேச்சு வேண்டாம். இன்று பன்னிரண்டு மணிக்கு என் புல்லில் பத்து இலைகளுக்கு நூல் கட்டி, கண்மருந்துச் சொட்டுக் குப்பியால் ஒவ்வொன்றிலும் ஒரு துளி வைத்துப் படம் போடுகிறேன்.

வெள்ளவத்தை வாசகி (பி.ப. 2.40)
படம் எங்கே ஐயா?

தெகிவளைத் தோட்டக்காரர் (பி.ப. 2.52)
பதினொன்றரைக்கே முகில் மூடிவிட்டது. நாளை நிச்சயம்.

வெள்ளவத்தை வாசகி (பி.ப. 2.55)
வெள்ளவத்தையில் நல்ல வெயில்.

தெகிவளைத் தோட்டக்காரர் (பி.ப. 2.56)
அப்படியென்றால் முதலில் அந்தக் குழாயைப் புல்லிலிருந்து எடுங்கள்.