பையைக் கீழே வைக்க ஒன்பது நாள்

வழக்கமான பள்ளியில் தொடர முடியாத பிள்ளைகளுக்கான மாற்றுப் பள்ளி ஒன்றில் ஆறு வருடமாகக் கணக்குப் பாடம் எடுக்கிறேன். அங்கே வருகிற பிள்ளைகள் எல்லாரும் அடங்காதவர்கள் என்றுதான் வெளியில் பேச்சு. நான் பார்த்தவரை சத்தம் போடுகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். சத்தமே இல்லாமல் நின்றுபோகிறவர்கள்தான் அதிகம்.

போன வருடம் 16 வயதுப் பெண் ஒருத்தி சேர்ந்தாள். கதவோரம் உட்கார்ந்தாள், பையைத் தோளிலிருந்து கழற்றவே இல்லை. பழைய பள்ளியிலிருந்து வந்த கோப்பில் அவளைப் பற்றி 'ஆர்வமில்லை' என்று மட்டும் எழுதியிருந்தது. வருகைப் பதிவைப் புரட்டினேன். ஒன்பதாம் வகுப்பில் மாதம் இரண்டு நாள் வரவில்லை. இதெல்லாம் ஒரு விஷயமா என்று தோன்றும். ஆனால் 180 நாள் பள்ளியில் அது 18 நாள். பத்தில் ஒரு பங்கு போனாலே கவனிக்க வேண்டிய பிள்ளை என்று பல நாடுகளில் கணக்கு வைத்திருக்கிறார்கள். பத்தாம் வகுப்பில் அது 41 நாள் ஆகியிருந்தது, அதில் முக்கால்வாசி திங்களும் வியாழனும். அம்மாவுக்கு இரவு வேலை முடிகிற காலை அது. தம்பியைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை. ஏன் வரவில்லை என்று யாரும் அவளைக் கேட்கவில்லை.

அந்த இரண்டு நாளும் 11 மணிக்கு வந்தால் போதும் என்றோம். வருடம் முழுவதையும் திரும்பப் படிக்க வைக்காமல், தெரியாத பகுதிகளை மட்டும் எடுத்தோம். ஒரு பகுதியை முடித்தால் அது முடித்ததாகப் பதிவாகும். பின்னத்தில் ஆரம்பித்தோம். ஒன்பதாவது நாள் பை தரையில் இருந்தது. நான் கண்டுகொள்ளவில்லை. ஏதாவது சொல்லியிருந்தால் திரும்ப மாட்டிக்கொண்டிருப்பாள்.

இதைப் படித்துவிட்டுப் பதில் எழுதியவர்களில், வேறொரு மாற்றுப் பள்ளியில் படித்து வெளியே வந்த ஒருவர்: எங்கள் பள்ளியில் ஓர் ஆசிரியருக்கு 12 பேர். நான் வராத நாளில் சரியாக 8.15-க்கு போன் வரும், எரிச்சலாக இருக்கும். ஒருநாள் போன் வரவில்லை. ஆசிரியருக்குக் காய்ச்சலாம். மறுநாள் போய் ஏன் கூப்பிடவில்லை என்று நானே சண்டை போட்டேன். பாதி நாள் சைக்கிள் பட்டறையில் வேலை, அதற்கும் மதிப்பெண் உண்டு. நியூயார்க்கின் சிட்டி ஆஸ் ஸ்கூல் என்ற மாற்றுப் பள்ளி 1972-லிருந்தே வேலையிடத்தில் கற்பதைப் படிப்பாக எடுத்துக்கொள்கிறது என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

ஒரு அப்பா: எங்கள் அனுபவம் வேறு. மகனை மாற்றுப் பள்ளிக்கு அனுப்பியது உதவவா, கழற்றிவிடவா என்றே புரியவில்லை. ஆய்வகம் கிடையாது. காலை முதல் மாலை வரை கணினியில் பயிற்சித் தாள். எப்போது பழைய பள்ளிக்குத் திரும்பலாம் என்று மூன்று முறை கேட்டும் பதில் இல்லை. சேர்க்கும் முன்பே திரும்பும் வழியையும், கிடைக்கும் சான்றிதழ் மேற்படிப்புக்குச் செல்லுமா என்பதையும் எழுத்தில் வாங்கியிருக்க வேண்டும்.

முதலில் எழுதியவர்: சரிதான், அப்படிப்பட்ட இடங்களும் உண்டு. அந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்வதென்றால்: இன்னும் இரண்டு பகுதி பாக்கி. முக்கோணவியலில் முட்டிக்கொண்டு நிற்கிறாள்.