சாஃப்ட்ராக் ரிசீவரில் எஸ்ஐ570: கணினியிலிருந்து ட்யூன் செய்த அனுபவம்

கையால் ரேடியோ ரிசீவர் கட்டுகிறவர்களை அதிகம் அலைக்கழிப்பது, ட்யூன் செய்வதற்கான அதிர்வெண்ணை உருவாக்கும் ஆஸிலேட்டர்தான். சுருளும் கண்டென்சரும் வைத்துச் செய்தால் அந்த அதிர்வெண் நகர்ந்துகொண்டே இருக்கும்; கிரிஸ்டல் வைத்தால் இருந்த இடத்தை விட்டு அசையாது. கணினியின் சவுண்ட் கார்டோடு சேர்ந்து இயங்கும் சாஃப்ட்ராக் ரிசீவர்களில், 40 மீட்டர் பேண்டுக்கு (7 மெகாஹெர்ட்ஸ் பகுதி) வந்த முதல் பலகைகள் இரண்டாவது வகை. ஆஸிலேட்டர் தருவதைப் பலகை நான்கால் வகுத்துக்கொள்ளும்; 28.224 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலை நான்கால் வகுத்தால் 7.056. அதற்கு மேலும் கீழும் சவுண்ட் கார்டு காட்டும் துண்டுதான் நமக்குக் கிடைக்கும் உலகம். 48 கிலோஹெர்ட்ஸ் கார்டு என்றால் இரு பக்கமும் 24 கிலோஹெர்ட்ஸ், அவ்வளவே. பேண்டின் மேல் பாதியில் யார் பேசினாலும் நமக்குத் தெரியாது.

சிலிக்கான் லேப்ஸ் நிறுவனத்தின் எஸ்ஐ570 என்ற ஆஸிலேட்டர் சில்லு வந்த பிறகு இந்தக் கட்டுப்பாடு நீங்கியது. ஐ2சி என்னும் இரண்டே கம்பிகளில் எண்களை அனுப்பினால் கேட்ட அதிர்வெண்ணைத் தருகிறது. கணினிக்கும் அதற்கும் நடுவில் ஏடிடைனி45 என்ற எட்டுக்கால் மைக்ரோகன்ட்ரோலர். யூஎஸ்பிக்கான வன்பொருள் எதுவும் அதில் கிடையாது. யூஎஸ்பி வேலை முழுவதையும் நிரலே செய்கிறது. ஜெர்மனி ஹாம் (அமெச்சூர் ரேடியோ ஆர்வலர்) ஒருவர் எழுதி, நெதர்லாந்து ஹாம் ஒருவர் விரிவாக்கிய அந்த நிரல் வெறும் 4 கிலோபைட் நினைவகத்துக்குள் அடங்கிவிடுகிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வியப்பும் நன்றியும் எழுகின்றன.

புதிதாகக் கட்டுகிறவர்கள் பெரும்பாலும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. எஸ்ஐ570-க்குள் ஒரு கிரிஸ்டல் இருக்கிறது. அதன் பெயரளவு மதிப்பு 114.285 மெகாஹெர்ட்ஸ். ஆனால் உண்மையான மதிப்பு இதிலிருந்து பத்து லட்சத்தில் 2000 பங்கு வரை விலகியிருக்கலாம் என்று தரவுத்தாளே சொல்கிறது. 7.1 மெகாஹெர்ட்ஸில் இது 14 கிலோஹெர்ட்ஸ் பிழை. நண்பர் ஒருவர் அர்டுயினோ என்ற சிறு மைக்ரோகன்ட்ரோலர் பலகையில் தானே நிரல் எழுதி இயக்கினார். நிலையங்கள் தெளிவாகக் கேட்டன. திரையில் தெரிந்த எண் மட்டும் சில கிலோஹெர்ட்ஸ் தள்ளியே நின்றது. மின்னழுத்தம், சவுண்ட் கார்டு என்று எல்லாவற்றையும் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தார்.

இருவரும் உட்கார்ந்து பார்த்தோம். சில்லுக்கு மின்சாரம் கொடுத்தவுடன், எதையும் எழுதுவதற்கு முன்பாக, 7 முதல் 12 வரையுள்ள ரெஜிஸ்டர்களை (சில்லுக்குள் எண்கள் இருக்கும் சிறு நினைவிடங்கள்) படித்தோம். தொழிற்சாலையில் பதித்த ஒரு பெருக்கெண்ணும் இரண்டு வகுஎண்களும் அவற்றில் இருக்கின்றன; கிரிஸ்டலை அந்தப் பெருக்கெண்ணால் பெருக்கி, வகுஎண்களால் வகுத்தால் வருவதே வெளியீடு. சாஃப்ட்ராக்கில் வழக்கமாக வரும் 570சிஏசி000141 வகை, மின்சாரம் கிடைத்தவுடன் 56.32 மெகாஹெர்ட்ஸில் இயங்கத் தொடங்கும். அந்த 56.32-ஐ இரண்டு வகுஎண்களாலும் பெருக்கி, படித்தெடுத்த பெருக்கெண்ணால் வகுத்தால், அந்தச் சில்லின் சொந்தக் கிரிஸ்டல் மதிப்பு கிடைத்துவிடுகிறது. அதை நிரலில் 114.285 இருந்த இடத்தில் போட்டதும் எண்கள் நேராகிவிட்டன. சீனாவின் பிபிஎம் நேர நிலையம் 10 மெகாஹெர்ட்ஸில் எங்களுக்குக் கேட்கும். அதை வைத்துச் சரிபார்த்தோம். எஸ்ஐ570-ஐ வாங்கும் ஒவ்வொருவரும் இந்தக் கணக்கைப் போட்டே ஆக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ட்யூனிங் கணக்கையும் ஒருமுறை கையால் போட்டுப் பார்ப்பது நல்லது. 7.1 வேண்டுமென்றால் ஆஸிலேட்டர் அதன் நான்கு மடங்கான 28.4 தர வேண்டும். உள்ளே ஓடும் அதிவேக ஆஸிலேட்டர் 4850-க்கும் 5670 மெகாஹெர்ட்ஸுக்கும் நடுவில் இருந்தாக வேண்டும். 11, 16 என்ற வகுஎண்களை எடுத்து 28.4-ஐ அவற்றால் பெருக்கினால் 4998.4 வருகிறது. அதை 114.285-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 43.736. இந்த எண்ணைத்தான் 38 பிட்டுகளில் எழுதி அனுப்புகிறோம். இப்படி அமைத்த மைய அதிர்வெண்ணிலிருந்து பத்து லட்சத்தில் 3500 பங்குக்குள், அதாவது 7.1-இல் சுமார் 25 கிலோஹெர்ட்ஸுக்குள், நகர்ந்தால் ஒலி அறுபடாமல் வழுக்கிக்கொண்டு போகும். அதைத் தாண்டினால் ஆஸிலேட்டரை ஒரு கணம் உறையவைத்து, எண்களை மாற்றி, மீண்டும் ஓடவிட வேண்டும். அப்போது ஹெட்போனில் 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்கும். அது பழுதில்லை, பயந்துபோய்ப் பலகையைக் கழற்ற வேண்டாம்.

பற்றவைப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். சில்லு 7 மில்லிமீட்டர் நீளம், 5 மில்லிமீட்டர் அகலம். பற்றவைக்க வேண்டிய ஆறு பட்டைகள் நீளவாக்கில் இருக்கும். ஐ2சிக்கான 7, 8 ஆகிய இரண்டும் குறுகிய முனைகளில் இருப்பதால் கண்ணுக்குத் தப்பிவிடும். இன்னொரு நண்பரின் ரிசீவர் கணினி சொன்ன எதையும் கேட்காமல் ஒரே இடத்தில் நின்றது. பக்கத்து ரிசீவரை 14.080-இல் வைத்துப் பார்த்தோம். கணீரென்று ஒரு கேரியர் (பேச்சு ஏறாத வெறும் அலை). 56.32-ஐ நான்கால் வகுத்தால் 14.08 அல்லவா? ஆக, சில்லு உயிரோடு இருக்கிறது, கட்டளைதான் போய்ச் சேரவில்லை. பூதக்கண்ணாடியில் பார்த்தபோது 8-ஆம் பட்டையில் ஈயம் ஏறவே இல்லை. ஒரு தொடுதலில் முடிந்தது.

கவனிக்க இன்னும் இரண்டு: சில்லுக்கு 3.3 வோல்ட்டுதான், யூஎஸ்பியின் 5 வோல்ட்டை நேராகக் கொடுக்கக் கூடாது. சுமார் 90 மில்லி ஆம்பியர் எடுப்பதால் சூடாகும். சூடேறி நிலைப்படும்வரை காத்திருந்து அளவெடுங்கள்.

இப்போது எல்லோரும் எஸ்ஐ5351 என்ற இன்னொரு சில்லுக்கு மாறுகிறார்கள். விலை மிகக் குறைவு, மூன்று வெளியீடுகள். ஹைதராபாத்தின் அஷ்ஹர் ஃபர்ஹான் வடிவமைத்த யூபிட்எக்ஸ் என்ற ஹாம் ரேடியோவில் இருப்பதும் இதுதான். ரிசீவருக்குத் தேவையான, 90 பாகை வித்தியாசமுள்ள இரண்டு அலைகளை இதிலிருந்தே நேராக எடுக்கலாம் என்பதால், நான்கால் வகுத்து அவற்றைத் தரும் 74ஏசி74 சில்லுக்கு வேலை இல்லாமல் போகிறது. ஆனால் உள்ளிருக்கும் பிஎல்எல்லை (அதிர்வெண்ணைப் பெருக்கித் தரும் சுற்று) வழக்கமான 600 முதல் 900 மெகாஹெர்ட்ஸ் எல்லைக்குள் ஓட்டினால், சுமார் 4.8 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே அந்த 90 பாகை கிடைப்பதில்லை. 80 மீட்டர் பேண்டு (3.5 மெகாஹெர்ட்ஸ் பகுதி) அங்கேதான் இருக்கிறது. அதற்காகவே என் பலகையில் 74ஏசி74-ஐ இன்னும் வைத்திருக்கிறேன். வேறு வழியில் 80 மீட்டரைக் கேட்டவர்கள் எப்படிச் செய்தீர்கள் என்று விரிவாக எழுதுங்கள், ரெஜிஸ்டர் மதிப்புகளோடு.