மூன்று ஸ்டோர், ஒரு சுருக்க ஷீற்: எப்படி இணைப்பது?

புறக்கோட்டைப்_பெடியன்
புறக்கோட்டையில் ஒரு ஹாட்வெயார் மொத்தக் கடையில் கணக்குப் பார்க்கிறேன். கடை, மருதானை, வத்தளை என்று ஒரே எக்செல் பைலில் மூன்று இருப்பு ஷீற்றுகள். நான்காவது ‘சுருக்கம்’. முதலாளி திறந்து பார்ப்பது அதை மட்டும்தான். சுருக்கத்தில் சாமான் பெயர்களை நானே தட்டியிருக்கிறேன். பக்கத்தில் =வத்தளை!சி4, =வத்தளை!சி5 என்று கீழே இழுத்துவிட்டிருக்கிறேன். போன கிழமை வத்தளை ஸ்டோர்க்காரர் தன் ஷீற்றை அகரவரிசையில் சோர்ட் பண்ணிவிட்டார். எந்தப் பிழைச் செய்தியும் வரவில்லை. ஆனால் அரை அங்குலக் குழாய்க்கு நேரே பெயின்ட் வாளியின் எண்ணிக்கை நிற்கிறது. ஷீற்றைப் பூட்டுவதா, சூத்திரத்தை மாற்றுவதா?

நூறாம்_இலக்க_பஸ்
பூட்டுங்கள் தம்பி. எண் தட்டும் கலங்களை மட்டும் திறந்துவிட்டு ஷீற்றுக்குப் பாதுகாப்புப் போட்டால் சோர்ட் ஓடாது. நேரடி இணைப்பில் எந்தக் குறையும் இல்லை. இடையில் ஒரு நிரையைச் செருகினாலும், ஷீற்றின் பெயரை மாற்றினாலும் எக்செல் தானே முகவரியைத் திருத்திக்கொள்ளும். எண் எங்கிருந்து வந்தது என்று முதலாளி கேட்டால் கன்ட்ரோலையும் இடது சதுர அடைப்பையும் அழுத்துங்கள், மூலக் கலத்திலேயே போய் நிற்பீர்கள். சோர்ட் ஒன்றுதான் வில்லங்கம்.

பச்சை_மை
சோர்ட் மட்டும் இல்லை. ஒரு நிரையை யாராவது அழித்தால் #ரெஃப்! என்ற பிழை வரும். மூலக் கலம் வெறுமையாக இருந்தால் சுருக்கத்தில் 0 விழும், எண்ணவே இல்லையா, எண்ணிப் பார்த்து ஒன்றும் இல்லையா என்று தெரியாது. பூட்டினாலோ, புதுச் சாமான் வரும்போதெல்லாம் நிரை சேர்க்க ஸ்டோர்க்காரர் உங்களுக்குத்தான் போன் எடுப்பார்.

‘நாலாவது நிரையில் இருப்பதைக் கொண்டுவா’ என்று கேட்பதால்தான் இந்தப் பாடு. ‘இந்தக் குறியீடு உள்ள சாமானின் இருப்பைக் கொண்டுவா’ என்று கேளுங்கள். குறியீட்டைத் தேடி அதன் நிரையில் உள்ள எண்ணைத் தரும் வீலுக்அப் போதும், சூத்திரத்தின் கடைசி இடத்தில் மறக்காமல் 0 போடுங்கள். அதை விட்டுவிட்டால் கிட்டத்தட்டப் பொருந்தும் எதையாவது எடுத்துத் தரும். அதன் புதிய வடிவமான எக்ஸ்லுக்அப் இருந்தால் அந்தத் தொல்லை இல்லை, அது இயல்பாகவே சரிபொருத்தம்தான் பார்க்கும்.

நூறாம்_இலக்க_பஸ்
ஐயா, எக்ஸ்லுக்அப் 2019இல்தான் அறிவிக்கப்பட்டது. மைக்ரோசொஃப்ட் 365இலும் எக்செல் 2021 முதலான பதிப்புகளிலும் ஓடும். ஸ்டோரில் இருக்கும் கணினியில் எக்செல் 2010தான் என்று பந்தயம் கட்டுகிறேன். அதில் திறந்தால் பழைய எண்ணைக் காட்டியபடி நல்லபிள்ளையாக நிற்கும். யாராவது கலத்தைத் தொட்டுத் திருத்தினால் #நேம்? என்ற பிழைதான். வீலுக்அப்பில் ‘மூன்றாவது நிரல்’ என்று எண்ணைத் தட்டியிருப்பீர்கள், நடுவில் ஒரு நிரல் புகுந்தால் அதுவும் சத்தமில்லாமல் தவறான நிரலை எடுத்து வரும். தம்பியின் பிரச்சினை நிரையிலிருந்து நிரலுக்கு மாறும், அவ்வளவுதான்.

பச்சை_மை
சரி, அப்படியென்றால் =இன்டெக்ஸ்(வத்தளை!சி:சி, மேட்ச்(ஏ4, வத்தளை!ஏ:ஏ, 0)). குறியீடு எந்த நிரையில் என்று மேட்ச் கண்டுபிடிக்கும், அந்த நிரையின் இருப்பை இன்டெக்ஸ் எடுத்து வரும். 2010இலும் ஓடும், நிரல் எண்ணைத் தட்டும் வேலையே இல்லை. இருப்பு ஒரு எண் என்பதால் சம்இஃப் இன்னும் பொருத்தம். ஒரே சாமான் இரண்டு ராக்கையில் இருந்து இரண்டு நிரைகளாகப் பதிந்திருந்தால் வீலுக்அப்பும் மேட்ச்சும் முதலாவதோடு நின்றுவிடும். சம்இஃப் இரண்டையும் கூட்டும்.

கட்டக்காரி
சம்இஃப்புக்கு ஒரு கெட்ட பழக்கம் இருக்கிறது ஐயா. 0045 என்று எழுத்தாகத் தட்டிய குறியீட்டையும் 45 என்ற எண்ணையும் அது ஒன்றாகவே எடுக்கும். வீலுக்அப் அவற்றை வேறு வேறாகப் பார்த்து #என்/ஏ, அதாவது ‘கிடைக்கவில்லை’ என்ற பிழையைத் தரும். குறியீடே இல்லாவிட்டாலும் சம்இஃப் 0 என்றுதான் சொல்லும், பிழை காட்டாது. நாளைக்கு வத்தளை இருப்பைத் தனிப் பைலாக்கினால் அந்தப் பைல் மூடியிருக்கும்போது சம்இஃப் #வல்யூ! தரும், வீலுக்அப் தன்பாட்டில் வேலை செய்யும்.

அழகாக இல்லை என்று #என்/ஏயை இஃப்எரர் போட்டு மறைப்பவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும். அது காட்டுகிற ஓட்டையைத்தானே அடைக்க வேண்டும்?

நூறாம்_இலக்க_பஸ்
ஆளுக்கொரு சூத்திரமும் அதற்கொரு நோயும்! சனிக்கிழமை பின்னேரம் மூன்று ஷீற்றையும் கொப்பி பண்ணிச் சுருக்கத்தில் ஒட்டினால் வேலை முடிந்தது. சூத்திரமும் வேண்டாம், சண்டையும் வேண்டாம்.

பச்சை_மை
கொப்பி பண்ணி ஒட்டிய கதை வேண்டுமென்றால் ஜேபி மோர்கன் வங்கியின் 2013 அறிக்கையைப் பாருங்கள். ‘லண்டன் திமிங்கிலம்’ என்ற அந்த 2012 விவகாரத்தில் வங்கிக்கு 600 கோடி டொலருக்கு மேல் நட்டம். அதன் அபாயக் கணிப்பு எக்செல் ஷீற்றுகளில்தான் ஓடியது. ஒரு ஷீற்றிலிருந்து இன்னொன்றுக்குக் கையால் கொப்பி பண்ணி ஒட்டினார்கள் என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். சராசரியால் வகுக்க வேண்டிய இடத்தில் கூட்டுத்தொகையால் வகுத்த பிழையும் அதிலேயே இருந்தது.

நூறாம்_இலக்க_பஸ்
ஆணி விற்கும் கடைக்கு லண்டன் வங்கியா உதாரணம்? 😄 வகுத்தது பிழை என்றால் அது சூத்திரத்தின் பிழை. ஒட்டியவன் மேல் ஏன் பழி?

புறக்கோட்டைப்_பெடியன்
இன்டைரக்ட் பற்றி யாரும் சொல்லவில்லையே? தலைப்புக் கலத்தில் ‘வத்தளை’, ‘மருதானை’ என்று எழுதிவிட்டு, ஷீற்றின் பெயரை அங்கிருந்து எடுக்கச் சொன்னால் ஒரே சூத்திரத்தை மூன்று நிரலுக்கும் இழுக்கலாம் என்று வாசித்தேன்.

பச்சை_மை
இழுக்கலாம். ஆனால் பெயரைத் தலைப்புக் கலத்தில் வெறும் எழுத்தாக வைத்திருப்பதால் ஷீற்றின் பெயரை மாற்றிய அன்றே உடையும், நேரடி இணைப்பைப் போலத் தானே திருந்தாது. வேறு பைலைக் காட்டினால் அந்தப் பைல் திறந்தே இருக்க வேண்டும். எங்கே என்ன மாறினாலும் எல்லா இன்டைரக்டும் மறுபடி கணக்குப் போடுவதால் பழைய கணினி மூச்சு வாங்கும். மூன்று ஸ்டோருக்கு மூன்று சூத்திரம் எழுத எவ்வளவு நேரம் போகும்?

கட்டக்காரி
முதலில் மூன்று ஷீற் எதற்கு என்று கேளுங்கள் தம்பி. நிரல்கள் மூன்றிலும் ஒன்றுதானே? எல்லாவற்றையும் ஒரே ஷீற்றில் போட்டு ‘ஸ்டோர்’ என்று ஒரு நிரல் சேர்த்தால் இணைக்கவே ஒன்றும் இல்லை. நிரைகளைத் தானே தொகுத்துக் காட்டும் பிவட் அட்டவணை ஒன்று போட்டால் சுருக்கம் தயார். நீர்கொழும்பில் நான்காவது ஸ்டோர் திறந்தாலும் சூத்திரம் எதையும் தொட வேண்டாம்.

நூறாம்_இலக்க_பஸ்
அக்கா வகுப்பறையிலிருந்து கதைக்கிறீர்கள். வத்தளைக்காரர் தன் ஸ்டோர்ப் பட்டியலைப் பிரின்ட் எடுத்துச் சுவரில் ஒட்டி வைத்திருப்பார். மருதானைச் சாமானும் கலந்து கிடக்கும் ஷீற்றை அவரிடம் கொடுத்துப் பில்டர் பண்ணச் சொன்னால், பில்டர் போட்டதை மறந்து ‘என் சாமானைக் காணவில்லை’ என்று திங்கள் காலையில் உங்களுக்குத்தான் போன் வரும். ஆளுக்கொரு ஷீற் இருந்தால்தான் ஆளுக்கொரு பொறுப்பு.

கட்டக்காரி
சரி, தட்டுவது மூன்று ஷீற்றிலேயே இருக்கட்டும். பவர் குவெரியால் மூன்றையும் ஒன்றன் கீழ் ஒன்றாக அடுக்கி ஒரே அட்டவணையாக்கலாம். 2016இலிருந்து எக்செலுக்குள்ளேயே இருக்கிறது, 2010க்கும் இலவச இணைப்பாக வந்தது. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும், அது சூத்திரம் போல உடனே மாறாது, ரிஃப்ரெஷ் அழுத்த வேண்டும்.

நூறாம்_இலக்க_பஸ்
அழுத்த மறந்த நாளில் முதலாளி பார்ப்பது நேற்றைய இருப்பு. நன்றி, வேண்டாம்.

கட்டக்காரி
இன்னொன்று, ஐயா மேலே ‘மறக்காமல் 0 போடுங்கள்’ என்றாரே, அதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. வற் (பெறுமதி சேர் வரி) விகிதத்தை ஒரு தனிக் கலத்தில் வைத்து எல்லா பில்லையும் அதோடு இணைக்கும் கடைகள் இருக்கின்றன. 2024 ஜனவரி 1இல் 15 வீதம் 18 ஆனபோது அந்தக் கலத்தை மாற்றினால் 2023 டிசம்பர் பில்களும் 18க்குத் தாவிவிடும். அதனால் ‘விகிதம்’ என்ற ஷீற்றில் திகதியோடு எழுதி வையுங்கள்: 2022 ஜூன் 1 முதல் 12, செப்டெம்பர் 1 முதல் 15, 2024 ஜனவரி 1 முதல் 18. பில் திகதியை அந்தப் பட்டியலில் கிட்டிய பொருத்தத்தால் தேடினால் அன்று நடைமுறையில் இருந்த விகிதம் வரும். இங்கே 0 போட்டால்தான் கெடும். திகதிகள் ஏறுவரிசையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பச்சை_மை
இதில் உங்களோடு முழுதாக ஒத்துப்போகிறேன். நேரடி இணைப்புக்காரர் என்ன சொல்கிறார்?

நூறாம்_இலக்க_பஸ்
வற் விஷயத்தில் சரி. இருப்பு விஷயத்தில் பூட்டுத்தான். சம்இஃப் போடுவதென்றால் தம்பி, சுருக்கத்தின் அடியில் ஒரு கலம் வையுங்கள். மூன்று ஷீற்றின் மொத்த எண்ணிக்கையிலிருந்து சுருக்கத்தின் மொத்தத்தைக் கழித்தால் 0 வர வேண்டும். வராவிட்டால் ஏதோ ஒரு குறியீடு சுருக்கத்தில் விடுபட்டிருக்கிறது. அக்கா சொன்ன அந்த ஊமை 0 அங்கே பிடிபடும்.

கட்டக்காரி
விடுபட்டது பிடிபடும். 0045ஐயும் 45ஐயும் ஒன்றாக்கியது சிலவேளை பிடிபடாது. இரண்டும் சுருக்கத்தில் தனித்தனி நிரையாக இருந்தால் இரண்டு தரம் கூட்டி வித்தியாசம் காட்டும், ஒன்று மட்டும் இருந்தால் மொத்தம் அழகாகப் பொருந்திவிடும். குறியீட்டை எழுத்தில் தொடக்குங்கள், கு045 மாதிரி.

புறக்கோட்டைப்_பெடியன்
எல்லோருக்கும் நன்றி. இன்டெக்ஸ்-மேட்ச் போடலாம் என்று பார்த்தால், எங்களிடம் குறியீடே இல்லை. வத்தளையில் ‘குழாய் 1/2’, மருதானையில் ‘அரை இஞ்சிக் குழாய்’, கடையில் வெறும் ‘அரைக் குழாய்’.

பச்சை_மை
அப்போ இன்றைக்குச் சூத்திரம் எதுவும் எழுத வேண்டாம். ‘பட்டியல்’ என்று ஐந்தாவது ஷீற் போட்டுக் குறியீடும் பெயரும் எழுதுங்கள். மூன்று ஸ்டோர் ஷீற்றிலும் குறியீட்டு நிரலுக்குத் தரவுச் சரிபார்ப்பு வைத்து அந்தப் பட்டியலையே காட்டுங்கள், தட்டாமல் தெரிவு செய்யட்டும். 2007இல் வேறு ஷீற்றைக் காட்ட வீச்சுக்குப் பெயர் வைக்க வேண்டியிருந்தது, 2010இல் நேராகவே காட்டலாம்.

நூறாம்_இலக்க_பஸ்
அந்தப் பட்டியல் ஷீற்றையாவது பூட்டச் சொல்லுங்கள் ஐயா.

பச்சை_மை
அதைப் பூட்டலாம்.