புதுப்பிப்பு: எங்கட ஒழுங்கை முடக்குக் குப்பைமேடு

போன மாசியில இங்க எழுதியிருந்தன்: நல்லூர்ப் பக்கம் எங்கட ஒழுங்கை முடக்கில குப்பை கொட்டி எரிக்கினம், புகையால அம்மாவுக்கு முட்டு இழுக்குது, என்ன செய்யலாம் எண்டு. கூட்டெருப் போடுங்கோ, மரம் நடுங்கோ எண்டு சொன்ன எல்லாருக்கும் நன்றி. இப்ப அங்க எரிப்பு இல்லை.

ஏழு வீட்டுக்காரரும் சேர்ந்து, கழிவை மக்க வைச்சுக் கூட்டெருவாக்கப் பனைமட்டையால மூண்டு அடைப்புக் கட்டினம். செலவு கட்டுக்கம்பிக்கு மட்டும்தான். முதல் அடைப்பு சரிவரேல்லை. சமையல் கழிவு கூடி நாறி, புழுவும் வைச்சிட்டுது. பக்கத்து வீட்டு அப்பு கையை விட்டுக் கிளறிப் பாத்திட்டு, "பிள்ளை, ஒரு கடகம் கழிவுக்கு மூண்டு கடகம் சருகு போடு" எண்டார். பிறகு நாத்தமே இல்லை. மூண்டு மாசத்தில கறுப்பா, உதிரியா, மழை பெய்த மண் மணத்தோட எரு!

ஐப்பசி மழைக்கு முன்னம் ஒரு வேலை கிடக்கு. யாழ்ப்பாணக் குடாநாட்டில வருசம் முழுக்க ஓடுற ஆறில்லை. சுண்ணாம்புக்கல்லுக்குள்ள இறங்கிற மழைதான் எங்கட கிணறு. கூரைத் தண்ணிக்குக் கல்லும் மணலும் போட்டு ஊறல் குழி வெட்டப்போறம். மலசலகூடக் குழிக்குக் கிட்ட வெட்டாதேங்கோ, கல் வெடிப்பால அழுக்கு கிணத்துக்கு வந்திடும். தண்ணி தேங்கி நிக்கவும் விடக்கூடாது, டெங்கு நுளம்பு பெருகும்.

நட்ட அஞ்சு வேம்பில ரெண்டை ஆடு கடிச்சிட்டுது. மிச்சத்துக்கு ஓலைக்கூடு கட்டியாச்சு. அம்மா இப்ப பின்னேரத்தில படலையடியில கதிரை போட்டு இருக்கிறா.