பையனுக்கு மணிக்கட்டு முறிவு: மாவுக்கட்டா, கம்பியா?

மன்னார்குடி அம்மா:
பையனுக்கு 7 வயது. சனிக்கிழமை வாய்க்கால் மதகிலிருந்து குதித்துக் கையை ஊன்றி விழுந்துவிட்டான். மணிக்கட்டுக்குச் சற்று மேலே முறிவு, எலும்பு சாய்ந்திருக்கிறதாம். ஒரு டாக்டர் மாவுக்கட்டே போதும் என்கிறார், இன்னொருவர் மயக்க மருந்து கொடுத்துக் கம்பி வைக்கலாம் என்கிறார். மாமியாரோ நாட்டுக் கட்டுக்குக் கூட்டிப்போகச் சொல்லி ஒரே பிடியாக நிற்கிறார். இரண்டு நாளாகத் தூக்கமில்லை. யாராவது சொல்லுங்கள்.

கும்பகோணம் செவிலியர்:
அக்கா, எத்தனை டிகிரி சாய்வு, எலும்பு திருகியிருக்கிறதா, இந்த இரண்டையும் முதலில் கேளுங்கள். முன்கை எலும்பின் வளர்ச்சியில் ஏறக்குறைய முக்கால் பங்கு மணிக்கட்டுப் பக்கம்தான் நடக்கிறது, அதனால் 10 வயதுக்குள் அந்த இடத்துச் சாய்வு வளர வளரத் தானாகவே நேராகிவிடும். 20 டிகிரி வரை இருந்தால் பல டாக்டர்கள் மாவுக்கட்டோடு விடுவது இதனால்தான். திருகல் மட்டும் அப்படிச் சரியாகாது. இழுத்து நேராக்கியும் நிற்காமல் நழுவினால் கம்பி வேண்டும், ஆனால் அது நுழைந்த இடத்தில் சீழ் பிடிக்கவும் வாய்ப்புண்டு. மாவுக்கட்டு என்றால் ஒரு வாரத்தில் மறுபடி எக்ஸ்ரே எடுத்தே ஆக வேண்டும்.

நீடாமங்கலம்:
என் மகளுக்கு எலும்பு லேசாக நெளிந்ததோடு சரி, 3 வாரம் கழற்றி மாட்டும் பட்டைதான். 2022-ல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்த பிரிட்டன் ஆய்வில் 965 பிள்ளைகளைப் பார்த்திருக்கிறார்கள்: இந்த மாதிரி நெளிவுக்கு வெறும் பேண்டேஜ் போட்டவர்களுக்கும் கெட்டியாகக் கட்டியவர்களுக்கும் மூன்றாம் நாள் வலி ஒன்றுபோலத்தான் இருந்ததாம். உங்கள் பையனுக்குச் சாய்வு இருப்பதால் இது பொருந்தாது, யாராவது இதைச் சொன்னால் கேட்காதீர்கள்.

திருத்துறைப்பூண்டி:
நாட்டுக் கட்டு மட்டும் வேண்டாம் அக்கா, கெஞ்சிக் கேட்கிறேன். என் தம்பி மகனுக்கு மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டினார்கள், மறுநாள் காலையில் விரலெல்லாம் வீங்கி நீலம் பூத்துவிட்டது. அவிழ்த்துப் போட்டுத் தஞ்சாவூருக்கு ஓடினோம். கை பிழைத்தது, ஆனால் விரலை மடக்க மாசக்கணக்கில் ஆனது. மாவுக்கட்டு போட்டாலும் கையைத் தலையணை மேல் உயர்த்தி வையுங்கள். விரல் மரத்தாலோ, நீட்டிவிட்டால் துடித்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் அப்போதே கிளம்புங்கள். மாமியாரிடம் இதை அப்படியே வாசித்துக் காட்டுங்கள்.

மன்னார்குடி அம்மா:
கேட்டுவிட்டேன். 15 டிகிரி, திருகல் இல்லை. மாவுக்கட்டு போட்டாயிற்று, அடுத்த திங்கள் எக்ஸ்ரே. மாமியாரிடம் வாசித்தேன், ஒன்றும் பேசாமல் எழுந்து போய்த் தலையணை எடுத்துவந்து அவன் கைக்கு அடியில் வைத்தார்.